பாலத்தின் இரு கரைகள்

திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாவுக்குச் செல்வோர், கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் இணைக்கும் நீர்ப்பரப்பை ஒரு நீண்ட பாலத்தினால் கடப்பர். முன்னர் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காக மக்கள் காத்துக்கிடந்த இடம் அது. 396 மீற்றர் நீளமான அப்பாலம், சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் அமைக்கப்பட்டு 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

மாலை வேளைகளில் அப்பாலத்தருகே வந்தமரும் முதியவர் ஒருவர், பத்திரிகையில் முதலில் தேடுவது றியாத், தெஹ்ரான் செய்திகளையே. அவருடைய மகன் தொழில் புரியும் தம்மாம் நகர், வளைகுடாவில் ஈரானுக்கு எதிர்க்கரையில் உள்ளது. அவ்விரு நாடுகளும் முரண்படுந்தோறும் அவர் உறக்கம் கெடுகின்றது.

1979ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர் ஈரானும் சவூதி அரேபியாவும் அமெரிக்காவின் நட்பு நாடுகளாயிருந்தன. 1987இல் ஹஜ் காலத்தில் மக்காவில் நிகழ்ந்த மோதலில் நானூறு பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டு உறவு முறிந்தது. 1991இல் மீண்டும் தளிர்த்தது. 2016 ஜனவரியில் ஷீஆ அறிஞர் நிம்ர் அல் நிம்ருக்குச் சவூதி அரசு மரணதண்டனை நிறைவேற்ற, தெஹ்ரானிலுள்ள சவூதித் தூதரகம் தாக்கப்பட்டது. உறவு மறுபடியும் அறுந்தது. 2023 மார்ச் 10ஆம் திகதி, பீஜிங்கில் இரு நாடுகளும் அதனைப் புதுப்பிக்க இணங்கின.

இப்பிணக்கு முற்றிலும் சுன்னி, ஷீஆ பேதத்தின் விளைவே என்பார் உளர். அப்பேதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்க, அரசுகளின் உறவோ ஐம்பது ஆண்டுகளுக்குள் பன்முறை மாறியது. மாறாத ஒன்று, மாறுகின்ற ஒன்றுக்கு முழுக்காரணமாதல் எங்ஙனம்? செல்வாக்கு, பாதுகாப்பு, எண்ணெய் என்பனவும் உடன்வைத்து நோக்கப்படல் வேண்டும்.

அரசுகளின் பகையும் நட்பும் நிலையாதவை என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சான்று. 1782ஆம் ஆண்டொன்றிலேயே அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடமும், அவரிடமிருந்து பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. கரையில் வாழ்ந்தோரை எவரும் கேட்டிலர்.

இலங்கைக்கோ இரு நாடுகளும் வேண்டியவை. ஒன்று பாலம் தந்தது. மற்றையதிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25.1 கோடி டொலர் கடனைத் தேயிலையால் தீர்ப்பதற்கு 2021 டிசெம்பரில் உடன்பாடு காணப்பட்டது.

“நாம் யார் பக்கம்?” என்று இளைஞன் ஒருவன் ஒருநாள் முதியவரிடம் வினவினான்.

“மகன், சண்டை பிடிக்கிறதும் அவங்க, சமாதானம் ஆகிறதும் அவங்க. அவங்கட பகையை நாம ஏன் கடனா வாங்கணும்?” என்றார் அவர்.

அரசுகள் தம் பகையை ஒரே நாளில் கைவிடலாம். அதனைக் கடன்பெற்ற ஊர்களோ நெடுங்காலம் வட்டி செலுத்த நேரும்.