கணியம்பாடியில் ஒரு பள்ளிக்கூடம்

வேலூரில் திருவண்ணாமலை பஸ் ஏறி, பாகாயம் தாண்டினால் கணியம்பாடி வந்துவிடும். வயலும் தென்னையும், தூரத்தில் மலையுமாகக் கண்ணுக்குக் குளுமையான ஊர். காலையில் மெயின் ரோட்டில் டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள் நிற்பார்கள். ஷூ கம்பெனி பஸ்ஸுக்குத்தான்! ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிலே இந்தப் பெண்களின் கைகளால்தான் ஓடுகிறது.

என் தங்கை மகளும் அவர்களில் ஒருத்தி. அவள் பெண் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு.

"பெரியம்மா, அடுத்த வருஷம் பிரைவேட்டுல போட்டுடலாம்னு இருக்கேன். பாதிச் சம்பளம் பீஸுக்கும் வேனுக்கும் போயிடும். ஆனா இங்க பாட்டும் ஆட்டமுமா இல்ல நடத்தறாங்க?" என்றாள்.

பள்ளியைப் போய்ப் பார்த்தேன். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி பாடம் நடந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்ப மூன்று படிகள். சுவரெல்லாம் படங்கள், குழந்தைகள் முகத்தில் பயமே இல்லை.

பாட்டும் ஆட்டமும் படிப்பைக் கெடுக்குமா? பின்லாந்தைப் பாருங்கள். அங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. அந்நாட்டுப் பிள்ளைகள் 2000-ஆம் ஆண்டு 'பீசா' சர்வதேசத் தேர்வில் வாசிப்பில் முதலிடம் பெற்றார்கள். பின்னால் மதிப்பெண் இறங்கியது உண்மை; ஆனாலும் சின்னக் குழந்தையைப் பரீட்சையால் மிரட்டும் வழக்கம் அங்கே இல்லை. நம் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிற சிங்கப்பூரில்கூட, 2019 முதல் முதலிரண்டு வகுப்புகளுக்குப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. பின்லாந்தில் 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு. இங்கே 1956-இல் காமராஜர் மதிய உணவு தந்தார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது.

அப்படியானால் குறை எங்கே? ஆசிரியர் எண்ணிக்கையில்தான். அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியரே முதுகலை படித்தவர். வகுப்புக்கு ஒருவர் உண்டு. இங்கே கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் இருவர் பார்த்தால் எப்படி முடியும்? நாம் ஒவ்வொருவராகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால், எண்ணிக்கை குறைந்து இன்னும் சிரமம்தான். ஏழை வீட்டுக் குழந்தைக்கு வேறு போக்கிடம் ஏது?

"பீஸ் கட்டுமுன் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய் வா" என்றேன். "லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்களே!" என்றாள். நியாயம்தான். வேலைக்குப் போகிற தாய்மாருக்குத் தோதான நேரத்தில் கூட்டம் வைக்கும்படி நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம்.

வீட்டில் ராத்திரி பத்து நிமிஷம் குழந்தையைக் கதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கேட்டுக்கொண்டே கீரை ஆயலாம், செலவு ஒன்றுமில்லை!