உப்பு பூத்த சுவரும் எங்கள் சுண்ணாம்பு டிரம்மும்



பொங்கலுக்குப் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், முகமெல்லாம் வெள்ளையா என்ன இது, நாடகத்துல நடிக்கிறீங்களா?" என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரே பதிவு. நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் இதையும் சகித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். தாய் பத்திரம் 1934-ஐச் சொல்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் திருவொற்றியூரில் வாடகை வீடு மாற்றி மாற்றி இருந்தவர்களுக்கு, ஓய்வுப் பணத்தில் கைக்கு எட்டியது இதுதான். மாப்பிள்ளை வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தை, இடிச்சிட்டுக் கட்டிடலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு அப்படியே சரிந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். விரிசலைப் பார்த்து ஜனங்கள் வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பியது. அன்றிலிருந்து என் மகளுக்குச் சுவரில் ஒரு கீறல் தெரிந்தாலே தூக்கம் போய்விடும். நாலு வயதுப் பேரன் இந்த வீட்டில்தான் வளரப்போகிறான் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இடித்துக் கட்ட எங்களிடம் பணம் இல்லை. கடன் வாங்கும் வயதும் இல்லை. அடுத்த ஐப்பசி மழைக்குள் இந்த வீடு குடியிருக்கத் தகுதியாக வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட்டு மறுபடி வாடகைக்குப் போக வேண்டும். நிலைமை அதுதான்.

வீட்டின் நோய் என்ன என்றால், கீழ்க்கட்டுச் சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்துப் பொரிந்து கிடந்தது. கையால் தடவினால் மாவு மாதிரி உதிரும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்டும் அடித்திருந்தார்கள். அப்படியும் உப்பு பெயின்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இரண்டு மேஸ்திரிகள் வந்து பார்த்தார்கள். இருவரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: கெமிக்கல் போட்டு, இன்னும் நல்ல சிமெண்டாகப் பூசலாம்.

மூன்றாவதாக வந்தவன் என் மாணவன். அஞ்சாம் வகுப்பில் பின் பெஞ்சு. அப்பாவும் தாத்தாவும் கொத்தனார்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தான். பிறகு உளியால் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டைப் பெயர்த்தான். உள்ளே செங்கல்லும் வெள்ளைக் காரையும் ஈரமாக இருந்தன. "டீச்சர், இது சுண்ணாம்புக் காரைச் சுவரு. தண்ணி மூச்சு விட்டு வெளிய போவணும். இவங்க மூக்கைப் பொத்தி வச்சிட்டாங்க" என்றான்.

அவன் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். நம் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு. மீஞ்சூர் வரைக்கும் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்ட கதை உங்களில் பலருக்கு வீட்டுப் போர்வெல்லிலேயே தெரியும். அந்த நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லில் ஏறுகிறது. சுவர் சுண்ணாம்பாக இருந்தால் ஈரம் அங்கங்கே ஆவியாகிப் போய்விடும். வெளியே சிமெண்ட் அடைத்தால் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். எங்கே கொஞ்சம் இடம் கிடைக்கிறதோ அங்கே நீர் ஆவியாகி, உப்பு பரலாக நிற்கும். பரல் பெருக்கும்போது சுற்றியிருக்கும் செங்கல்லையே உடைத்துவிடும். ஆக, பூச்சு எவ்வளவு கெட்டியோ செங்கல்லுக்கு அவ்வளவு கேடு.

சுண்ணாம்பு நம் ஊருக்குப் புதிதா என்ன? பழவேற்காட்டுக் கிளிஞ்சலை எரித்துச் சுண்ணாம்பு எடுத்த ஊர்க்காரர்கள் நாம். நம் ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. சிமெண்ட் நம் ஊர்க் கொத்தனார் கைக்கு வராத காலத்துக் கட்டடம் அது. 1904-ல்தான் மெட்ராசில் ஒரு கம்பெனி சிமெண்ட் செய்து பார்த்தது, அதுவும் நிலைக்கவில்லை. கடற்காற்றுக்கு நேர் எதிரில் அந்த நிலையம் இன்னும் நிற்கிறது. மாப்பிள்ளையிடம் நான் அதைத்தான் காட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு கையில் ஒரு சுத்தியோடு வந்தார்.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து, கடைசியில் தட்டோடு பதித்த கூரை. இதில் நாங்கள் கை வைக்கவில்லை. உத்திரம் கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான். ஒரு பொறியாளரை அழைத்து ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்க்கச் செய்தோம். பதினாலில் இரண்டு சொத்தை. அவற்றை ஆசாரி மாற்றினார். வீட்டைத் தாங்கும் வேலையை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள். சுவர் பூசுவது வேறு, தலைக்கு மேல் இருப்பது வேறு.

சுவர் வேலையை மட்டும் நாங்களே செய்தோம். சிமெண்டைப் பெயர்க்கவே ஒரு மாதம் ஆனது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அவர் கைக்கு உளி பிடிபட்டது. உப்பை எடுக்க ஒரு வழி இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். பழைய நியூஸ் பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, சுவரில் கனமாக அப்ப வேண்டும். அது காயும்போது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி அப்ப வேண்டும். நாலு முறை செய்தோம். உலகச் செய்தி முழுக்க எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டிக் காய்ந்தது.

அப்புறம் சுண்ணாம்பு. அஞ்சாம் வகுப்பில் நாம் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ராவால் ஊதினால் பால் மாதிரி ஆகும். உங்கள் மூச்சில் இருக்கும் கரியமில வாயுதான் காரணம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பாதிப் பேர் ஊதாமல் உறிஞ்சிப் பார்த்துத் திட்டு வாங்கினீர்கள். சுவரில் நடப்பதும் அதேதான். பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அந்த வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. சிமெண்ட் ஒரே நாளில் கெட்டியாகிவிடும். இதற்கு மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் தை மாதம் ஆரம்பித்தோம். சித்திரை வெயிலில் பூசியிருந்தால் காரை சட்டென்று காய்ந்து வெடித்திருக்கும். கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். காரைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்தான் என் மாணவன். அவன் தாத்தா வழியாம். மணல் நன்றாகக் கழுவியதாக இருக்க வேண்டும். கடல் மணலைக் கிட்டவே சேர்க்கக் கூடாது.

சுண்ணாம்பு விளையாட்டுச் சாமான் இல்லை. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும், தெறிக்கும். முதலில் இரும்பு டிரம்மில் தண்ணீர், பிறகுதான் கல், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கல்லின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கண்ணாடி, கையுறை கட்டாயம். கண்ணில் ஒரு துளி விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த இரண்டு நாளும் பேரனைத் திருவொற்றியூரில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அவனுக்காக இன்னொரு வேலையிலும் கறாராக இருந்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் பல அடுக்குப் பழைய பெயின்ட். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் நிறைய இருக்கும். நம் நாட்டில் ஈயத்துக்குக் கடுமையான அளவு வைத்த சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பெயின்டர் மெஷின் போட்டு ஒரே நாளில் முடிக்கிறேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, நனைத்து நனைத்துச் சுரண்டினோம். சுரண்டியதைக் கவரில் கட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்தோம். பதினோரு ஜன்னல். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

வெள்ளையடித்தது எல்லாவற்றையும்விட ஆனந்தம். வடிகட்டிய சுண்ணாம்பில் கஞ்சித் தண்ணீரும் துளி நீலமும் கலந்து, மட்டையால் நாலு கை அடித்தோம். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெள்ளை மேலே வரும். நீங்கள் பார்த்த போட்டோ அன்று எடுத்தது.

ஐப்பசி மழை வந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் டார்ச் லைட்டோடு ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தேன். கூடம் காய்ந்திருந்தது. இரண்டு அறையும் காய்ந்திருந்தன. சமையல்கட்டுக்குப் பின்சுவர் மட்டும் அடியில் ஒரு முழத்துக்கு ஈரம், கொஞ்சம் உப்பு. பக்கத்து வீட்டுச் சாக்கடை அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அவர்களிடம் பேச வேண்டும். மறுபடி நியூஸ் பேப்பர் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் கடையில் போடாமல் வையுங்கள்.

மகள் போன வாரம் அந்த ஈரத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பேரனின் கட்டிலைக் கூடத்துச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டாள். இங்கேயே தூங்கட்டும் என்றாள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள், காபி போட்டு வைக்கிறேன். மாடிக்குப் போகும்போது மூன்றாவது படி கொஞ்சம் ஆடும், பார்த்துக் கால் வையுங்கள். அது அடுத்த மாத வேலை.