போட்டாச்சு, அப்பத்தா!

சென்ற அக்டோபர் விடுமுறையில் நம் சங்கத்து நண்பர்கள் குமாவோன் மலைக்கு உல்லாசப் பிரயாணம் போனோம் அல்லவா? ராணிகேத்தை அடைந்த அன்று காலை வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. வடக்கே திரிசூல மலையும் நந்தாதேவியும் வெள்ளியில் வார்த்தாற்போல் நின்றன. எல்லோரும் ஆடினீர்கள், பாடினீர்கள், படம் எடுத்தீர்கள். நான் மட்டும் ஊர்ப்பெயர் எழுதிய பலகையின் அருகில் மௌனமாக நின்றேன். "என்ன ஐயா, காதலா, வயிற்றுவலியா?" என்று கேலி செய்தீர்கள். இரண்டும் இல்லை. என் அப்பத்தாவின் கோழிகளைக் கொன்ற நோயின் பெயர் அந்தப் பலகையில் எழுதியிருந்தது!

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையில் எருக்குழி. மறு மூலையில் கோழிக்கூடு. இரண்டுக்கும் இடையே நாள் முழுவதும் போக்குவரத்துத்தான். வீட்டுக் குப்பை, சாணம், அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த வைக்கோல் எல்லாம் குழிக்குப் போகும். கோழிகள் அதைக் கிளறிப் புழுவைத் தின்னும். கூட்டைக் கூட்டி அள்ளும் எச்சமும் குழிக்கே வந்து சேரும். "கோழி எச்சத்தைப் பச்சையாப் போட்டா செடி கருகிப் போகும். குழியில கெடந்து வெந்தாத்தான் எரு" என்பாள் அப்பத்தா. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மண்வெட்டியால் குப்பையைப் புரட்டி நீர் தெளிப்பாள். அப்போது உள்ளிருந்து ஆவி எழும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தோரில் இருந்து இப்படி அடுக்கிப் புரட்டி எருவாக்கும் முறையை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார் என்று பிற்பாடு படித்தேன். அப்பத்தா அவரைப் படித்தவள் அல்லள். அவரோ நம் நாட்டு உழவர்களிடம் பாடம் கேட்டவர்.

கோழியை அடைக்கு வைப்பது அவளுக்கு ஒரு சடங்கு. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, ஒற்றைப்படையில் ஒன்பதோ பதினொன்றோ முட்டை வைப்பாள். இடி இடித்தால் கரு கெடுமாம். அதற்காக ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் ஓரத்தில் இருக்கும். தாய்க்கோழி நாளும் பல முறை முட்டைகளைத் தன் அலகால் புரட்டிக் கொடுக்கும். ஏழாம் நாள் இரவு டார்ச் ஒளியில் முட்டையைப் பிடித்தால் உள்ளே சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் கூடைக்குள் கீச்சுக் குரல்! குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்து வருவது என் வேலை. பழைய கலயத்தில் ஈரச்சாணமும் கந்தல் சாக்கும் திணித்து மாலையில் வயலில் கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் அப்பிக் கிடக்கும். என் நோட்டுப் புத்தகங்களும் பேனாக்களும் பெரும்பாலும் அப்பத்தாவின் முட்டைக் காசில் வந்தவையே.

இனி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

2014-ஆம் ஆண்டு; நான் எட்டாம் வகுப்பு மாணவன். கோடைக்கு முன்னால் கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடும் முகாம் எங்கள் ஊருக்கு வந்தது. பனிக்கட்டியில் வைத்த மருந்து. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே காலையில் சற்று நேரந்தான் போடுவார்கள். அப்பத்தா கோழிகளைக் கூடைகளில் அடைத்து என் சைக்கிளில் கட்டி அனுப்பினாள். வழியில் கண்மாய்க்குள் நண்பர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஓர் ஓவர் வீசிவிட்டுப் போகலாம்" என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்து நிமிர்ந்தபோது முகாமும் முடிந்திருந்தது. கூடைகளோடு வீடு திரும்பினேன்.

"ஊசி போட்டாச்சாய்யா?"

"போட்டாச்சு, அப்பத்தா!"

மே மாதத்தில் முதல் கோழி தூங்கி விழுந்தது. இறக்கை தொங்கிற்று; வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது; சிலவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொண்டது. நான்கே நாளில் பெரிதும் சிறிதுமாகப் பதினேழும் போயின. "குழியில போட்டா நோய் பரவும்" என்று அப்பத்தா ஒன்றைக்கூட எருக்குழியில் போடவில்லை. கொல்லைக்கு அப்பால் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தாள். நானே குழி தோண்டினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கோழிகள் செத்ததோடு என் பொய் சாகவில்லை. "ஊசி போட்டும் செத்துப் போச்சே! ஊசியெல்லாம் சும்மா" என்று அப்பத்தா தெருவெங்கும் சொன்னாள். பொய் பேசி அறியாதவளின் வாக்கை யார் தட்டுவார்? மறு ஆண்டு எங்கள் தெருவிலிருந்து முகாமுக்கு ஒரு கூடைகூடப் போகவில்லை. அந்தக் கோடையில் மூன்றாம் வீட்டு அத்தையின் பன்னிரண்டு கோழிகளும் மாண்டன. அப்பத்தா பிறகு மீண்டும் கோழி வளர்த்தாள். ஊசி மட்டும் போடவில்லை.

விலங்கியல் படிக்க இந்தப் பல்கலைக் கழகத்துக்கு வந்த பிறகு, அந்த நோயின் வரலாற்றைப் படித்தேன். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய் அது. நம் நாட்டில் ராணிகேத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தடுக்கும் மருந்துக்கான கிருமி வகையும் அதே குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவானது. கரு வளரும் கோழிமுட்டைக்குள் அக்கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்தார்கள். அப்பத்தா அடைக்கு வைத்ததும் முட்டை; அவள் கோழிகளைக் காத்திருக்கக்கூடிய மருந்து பிறந்ததும் முட்டை! அந்த மருந்தின் மீதுதான் நான் பழி சுமத்தினேன். ராணிகேத்தின் பலகை முன்னே என்னால் எப்படிச் சிரிக்க முடியும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பத்தா திண்ணையில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா, அன்னைக்கு நான் ஊசி போடல. கிரிக்கெட் ஆடப் போயிட்டேன்."

முறம் நின்றது. வெகுநேரம் அவள் பேசவில்லை.

"பதினேழு உருப்படி" என்றாள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணிக்கை அவளுக்கு மறக்கவில்லை. பிறகு சொன்னாள்: "எங்கிட்டச் சொன்னது சரி. என் பேச்சைக் கேட்டுல்ல தெருவே ஊசி போடாம விட்டுச்சு? நான் போய்ச் சொன்னா நல்லாருக்காது. நீயே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வா."

ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். பல்கலைக் கழகத்தில் நேர்முகத் தேர்வுக்குக்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. சில வீடுகளில் சிரித்தார்கள். "படிச்ச பிள்ளைக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சா?" என்றார் ஒரு சித்தப்பா. மூன்றாம் வீட்டு அத்தை சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு உள்ளே போனவர் திரும்ப வரவே இல்லை. வாசலில் சிறிது நேரம் நின்றேன். பின் திரும்பி வந்தேன்.

பிப்ரவரியில் அப்பத்தா தொலைபேசியில் அழைத்தாள்.

"போட்டாச்சுய்யா."

"எல்லா வீட்டுக் கூடையும் வந்துச்சா, அப்பத்தா?"

"ஒரு வீடு வரல. அது உங்கத்தை வீடு. அடுத்த வருசம் நான் கூப்பிட்டுப் பாக்குறேன்."

பிறகு வேறு செய்தி சொன்னாள். பதினோரு முட்டை அடைக்கு வைத்திருக்கிறாளாம். நான் மே மாதம் வரும்போது குஞ்சுகளுக்கு எட்டு வாரம் ஆகியிருக்குமாம். "அதுகளுக்கு ஊசி போட நீதான் தூக்கிட்டுப் போகணும். எருக்குழியும் கிளற ஆளில்லாமக் கெடக்கு" என்றாள்.

நண்பர்களே, கோடை விடுமுறைக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மண்வெட்டி பிடித்து நாளாயிற்று, கை கொப்புளிக்கும். கொப்புளிக்கட்டும்! கால்நடை மருந்தகத்துக்குப் போகும் வழி இப்போதும் கண்மாயை ஒட்டித்தான் போகிறது. இந்த முறை சைக்கிளை விட்டு இறங்குவதாக இல்லை.