லீ இஸ்ரேலின் பின்குறிப்புகள்

எழுத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பது என்று முடிவு செய்த ஒருவர் எந்த எல்லைவரை போகக்கூடும்? நியூயார்க் நகரத்து லீ இஸ்ரேல் நானூறுக்கும் மேற்பட்ட போலிக் கடிதங்கள்வரை போனார். 1939இல் பிறந்து 2014இல் மறைந்த இவர் ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியர். நடிகை டலூலா பாங்க்ஹெட்டைப் பற்றியும் பத்திரிகையாளர் டோரதி கில்காலனைப் பற்றியும் எழுபதுகளில் இவர் எழுதிய நூல்கள் பேசப்பட்டன. 1985இல் ஒப்பனைப்பொருள் வணிகத்தின் பேரரசி எஸ்தே லாடரைப் பற்றி எழுதினார். அம்மையாரோ அதே வேளையில் தம் தன்வரலாற்றைத் தாமே வெளியிட்டுவிட்டார். நூல் விழுந்தது, உடன் ஆசிரியரும் விழுந்தார். 2008இல் இவர் எழுதிய சிறிய நினைவுக் குறிப்பைத் தழுவி, மாரியெல் ஹெல்லர் இயக்கத்தில் 2018இல் வந்த திரைப்படமே ‘கேன் யூ எவர் ஃபர்கிவ் மீ?’

படம் 1991இல் தொடங்குகிறது. வாடகை பாக்கி, நோயுற்ற பூனை, பழைய பாக்கியைத் தீர்க்காமல் பூனையைப் பார்க்க மறுக்கும் கால்நடை மருத்துவமனை. மேடைக் கலைஞர் ஃபேனி பிரைஸின் வரலாற்றை எழுத லீ விரும்புகிறார், கேட்பாரில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்துள் ஃபேனி பிரைஸின் அசல் கடிதமொன்று சிக்குகிறது. விற்கப் போனால் உள்ளடக்கத்தில் சுவையில்லை என்று கடைக்காரர் குறைந்த விலை சொல்கிறார். லீ வீடு திரும்பித் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, அடியில் வெற்றிடமாகக் கிடந்த பகுதியில் ஒரு பின்குறிப்பைச் சேர்க்கிறார். விலை ஏறுகிறது.

இதற்குத் தமிழாசிரியர்களாகிய நம்மிடம் பழஞ்சொல் ஒன்று உண்டு: இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் என்று ஒதுக்கப்பட்டிருப்பவற்றைப் படிக்கும்போதெல்லாம், அவற்றைச் செய்தவர் யாராயிருப்பார் என்று நாம் எண்ணுவதுண்டு. அவர் தம் பெயரை விடவில்லை. அதனால் பொருள் ஈட்டினார் என்றும் தெரியவில்லை. கம்பனாக ஒரு கணம் இருந்து பார்க்கும் ஆசைதான் போலும். லீக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் பணம் மட்டுமே அன்று என்பதைப் படம் மெல்லப் புலப்படுத்துகிறது. டோரதி பார்க்கரைப் போல ஒரு கடிதம் எழுதி முடித்ததும் அந்தச் சிடுமூஞ்சி முகத்தில் பரவும் மலர்ச்சியை மெலிஸா மெக்கார்த்தி மறைக்க முயன்று தோற்கும் இடம் ஒன்றே போதும். பார்க்கரைவிடத் தானே சிறந்த பார்க்கர் என்று லீ பெருமை பேசுகிறார். படத்தின் தலைப்பான அந்த மன்னிப்புக் கேள்விகூட, பார்க்கர் பெயரில் லீ புனைந்த கடிதத்தில் வருவதே.

கைத்தொழில் என்ற அளவிலும் இது நேர்த்தியானது. எழுத்தாளருக்கொன்றாகப் பழைய தட்டச்சுப் பொறிகள். தொலைக்காட்சிப் பெட்டியை மல்லாத்தி, ஒளிரும் திரையின்மேல் தாளை வைத்துப் படியெடுக்கும் கையொப்பங்கள். பிற்பாடு இன்னும் துணிந்து, நூலகங்களின் ஆவணக் காப்பகங்களில் போலியை வைத்துவிட்டு அசலை எடுத்து வரலானார். இந்த இடத்தில் நம் பரிவு சற்றே வறண்டுபோகிறது. புனைவை விற்பது ஒன்று; அடுத்து வரும் ஆய்வாளன் தேடும் ஏட்டை அவனுக்கு இல்லாமல் செய்வது வேறொன்று. படம் இவ்வேறுபாட்டில் போதிய அளவு நிற்கவில்லை என்பது நம் குறை.

இனி ஜாக் ஹாக். ரிச்சர்ட் ஈ. கிராண்ட் ஏற்ற இந்தப் பாத்திரம், இருக்க ஓர் இடம்கூடச் சரியாக இல்லாதபோதும் பளபளப்புக் குறையாத மனிதர். முன்பொரு விருந்தில், விலையுயர்ந்த மேலங்கிகள் தொங்கிய அறையைக் கழிப்பறை என்று கருதி நனைத்துவிட்டதே இலக்கிய உலகில் இவர் பெற்ற புகழ். மனிதரைச் சகியாத லீயும் எவரோடும் ஒட்டிக்கொள்ளும் ஜாக்கும் ஒரு மதுக்கூடத்தில் நண்பராகின்றனர். லீக்கு ஐயப்பட்ட கடைகள் கதவடைத்தபோது கடிதங்களை விற்பது ஜாக்கின் வேலையாகிறது. இலக்கியம் அறியாதவர் பேரம் பேசுவதில் மேதை! இவர் பொறுப்பில் விடப்பட்ட பூனை இறந்துபோகிறது. பிடிபட்டதும் காவல்துறைக்கு உதவி லீயைக் காட்டிக்கொடுப்பதும் இவரே. இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், சிரித்ததற்கு நாணுகிறோம். இத்தகைய கரிய எள்ளலைத் திரைக்கதையாசிரியர்கள் நிக்கோல் ஹோலோஃப்செனரும் ஜெஃப் விட்டியும் ஒருபோதும் உரக்கச் சொல்வதில்லை.

நமக்கு இப்படம் நெருக்கமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாமும் பிறர் எழுத்தைப் பற்றி எழுதியே ஊதியம் பெறுகிறவர்கள். இருபதாண்டுப் பணியில் நம் கையால் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி வேறு பெயர்களில்தான் அச்சேறியிருக்கிறது: ஆண்டு மலருக்கான வாழ்த்துரை, புரவலரின் நன்றியுரை, ஓய்வு பெறுபவருக்கான பாராட்டு மடல். தமிழ்த்துறையின் எழுதப்படாத கடமை அது. ஒருமுறை அத்தகைய வாழ்த்துரை ஒன்றை அதற்குரியவர் மேடையில் நாத்தழுதழுக்கப் படித்தார், அவையும் கலங்கியது. வரிசையின் கடைசியில் அமர்ந்திருந்த நமக்கு உண்டான உணர்ச்சிக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. பெருமிதமா, களவு போன துயரா? லீயின் முகத்தில் அதைத்தான் கண்டோம்.

1993இல் லீக்கு ஆறு மாத வீட்டுக்காவலும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. படத்தின் நீதிமன்றக் காட்சியில், அந்நாட்களை மகிழ்ச்சியாகவே கழித்ததாக அவர் சொல்கிறார். நினைவுக் குறிப்பிலோ, அக்கடிதங்களையே தம் தலைசிறந்த படைப்பாகக் கருதுவதாக எழுதினார். உலகமும் ஒருவகையில் அதை வழிமொழிந்தது. நாடகாசிரியர் நோயெல் கவர்டின் கடிதத் தொகுப்பு 2007இல் வெளியானபோது லீ புனைந்த இரு கடிதங்கள் அசலென்றே அதில் இடம்பெற்றிருந்தன. தம் காதல் வாழ்வைப் பற்றி வாய் திறவாத கவர்டை லீ சற்று அதிகமாகவே பேச வைத்திருந்தார். அவருடைய கவர்ட் கடிதங்கள் முன்பே ஐயத்துக்குள்ளானது அதனால்தான்.

ஜாக் 1994இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். படத்தில் இருவரும் கடைசியாகச் சந்திப்பது அதே மதுக்கூடத்தில். நம் கதையை எழுதலாமா என்று லீ இசைவு கேட்கிறார். வாழ்நாள் முழுதும் பிறர் வாழ்வை எழுதிய ஒருவர், எழுதப்படப்போகும் மனிதரிடம் நேரில் கேட்கிறார். ஜாக் சம்மதிக்கிறார், என்னை இளைஞனாக, மாசற்ற சருமத்தோடு எழுது, முட்டாளாகக் காட்டிவிடாதே என்கிறார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுகிறார். நீ போகும்போது காலை நீட்டி இடறிவிடத் தோன்றியது என்கிறார் லீ. ஜாக் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசையைச் சொல்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள்.