பனிப் பாலையில் ஓர் இரவு

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி நின்றால், மேற்கே மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை அம்மலைக்கு அப்பால் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு இப்பக்கம் வருகின்றது. இவ்வூரார் ஐப்பசி மழைக்கு ஏங்கி நிற்பது அதனாலேதான். இதே நியதி இமயத்தின் மறுபுறத்தில் எத்துணைக் கடுமையாகச் செயற்படுகின்றது என்பதை 2023 செப்டம்பரில் நேரிற் கண்டோம். லடாக்கின் லே நகரில் ஆண்டு முழுவதற்கும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். பகலில் வெயிலும் இரவில் உறைபனியுமாய், கல்லும் மணலும் விரிந்து கிடக்கும் உயர்நிலப் பாலை அது.

பங்கு இளைஞர் நால்வர் நம்முடன் வந்தனர். லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டிக் கிழக்கே நெடுந்தூரம் சென்று, 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள ஹன்லே பள்ளத்தாக்கில் ஓடையருகே கூடாரம் அடித்தோம். குழாய் இல்லை, விளக்கு இல்லை, கழிப்பிடமும் இல்லை. முளைகள் சரளையில் நிற்க மறுத்தன. கயிறுகளைப் பெருங்கற்களில் கட்டினோம். அவ்வுயரத்தில் தண்ணீர் 86 பாகையிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் கொண்டு செல்லாத நமக்கு அரைவேக்காட்டுச் சோறும் ஊறுகாயுமே இரவு உணவு.

ஆயினும் வானம்! அருகிலுள்ள குன்றின்மேல், 4,500 மீட்டர் உயரத்தில், நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கின்றது. நமது காவலூர் வானாய்வகத்தை நடத்தும் பெங்களூர் நிறுவனமே இதனையும் நடத்துகின்றது. அதன்பொருட்டு அவ்வட்டாரத்தார் இரவில் விளக்கொளியை அடக்கி வாழ்கின்றனர். ஆபிரகாமை எண்ணிப் பார்க்கச் சொன்ன விண்மீன்கள் இவையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

கம்பளிக்குள் முடங்கியவாறே தெசிதேரி அடிகளாரை நினைத்துக்கொண்டோம். சேசு சபையைச் சார்ந்த இப்போலித்தோ தெசிதேரியும் மனுவேல் பிரெய்ரேயும் 1715 ஜூனில் லேயை அடைந்து, ஆகஸ்டில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, 1716 மார்ச்சில் லாசா சேர்ந்தனர். அப்பாலையின் குளிர்காலத்தை அவர்கள் கடந்தது, லாசாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு மங்கோலிய அம்மையாரின் பரிவாரத்தோடு. சாணமே விறகு. ஒரு நாள் பனியில் பின்தங்கிய பிரெய்ரே, குதிரையின் உடற்சூட்டை அண்டிக் கிடந்தார். அம்மையார் ஆளனுப்பித் தேடி மீட்டார். இதே தெசிதேரி பின்னர் புதுச்சேரிக்கு வந்து தமிழ் பயின்றதையும், நம் அருளானந்தரின் முத்திப்பேறு பட்ட முயற்சிக்காக 1727-இல் உரோமை நோக்கிக் கப்பலேறியதையும் நம்மவர் பலர் அறியார்.

நள்ளிரவில் இளைஞர்களுள் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பலமுறை வாந்தி. பின்னர் நாம் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன விடை பொருந்தவில்லை. லேயில் மூன்று நாளேனும் தங்கி உடலைப் பழக்கிய பின்னரே மேலே செல்லலாம் என்று வண்டியோட்டி முன்பே எச்சரித்திருந்தார். ஞாயிறு திருப்பலிக்குள் பங்குக்குத் திரும்ப வேண்டுமென்று ஒரே நாளில் கிளம்பச் சொன்னவர் நாமே. பையனின் தாய் ஊரில் நம்மை நம்பி அனுப்பியிருந்தாள்.

விடியட்டும் என்றோம். அந்தப் பௌத்த நண்பர் இசையவில்லை. “பாதர், கீழே இறங்குவது ஒன்றுதான் மருந்து” என்று இந்தியில் அதட்டிவிட்டு, பையனைத் தாமே தூக்கி வண்டியில் கிடத்தினார். கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். இருளில் சிந்துவின் கரையோடு பல மணி நேரம். நம் கையில் செபமாலை, அவர் வாயில் அவருடைய மந்திரம். உப்ஷியை நெருங்கும்போது பையன் தண்ணீர் கேட்டான். லே மருத்துவமனையில் இரண்டு நாள் பிராணவாயு கொடுத்தார்கள்.

அந்த ஞாயிறு நம் பங்கில் வேறொரு குருவானவர் திருப்பலி நிறைவேற்றினார். வண்டியோட்டி மீண்டும் ஹன்லே சென்று, நமது கூடாரத்தைச் சுருட்டி, நாம் விட்டுவந்த குப்பைப் பையையும் மறவாமல் எடுத்துவந்து சேர்த்தார்.