எல்லைக்கு இப்பால் ஒரு பனங்காடை

பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளைக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், நெல் விளையும் ஏலா ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. மூன்று பக்கமும் ரப்பரும் ஏத்தன் வாழையும் நெருக்கி வந்துவிட்டன. நான்காம் பக்கத்தில் புதிய வீடுகள். அந்த ஏலாவின் வரப்பில் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு முதியவர் ஒருவர் நடப்பார். கிளை அஞ்சலகத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடிதம் சுமந்து நடந்த கால்கள் ஓய்வு பெற்ற பிறகும் அதே தடத்தை விடவில்லை. கழுத்தில் பழைய தொலைநோக்கி ஒன்று தொங்கும். சட்டைப் பையில் சிறு நோட்டு ஒன்றும் பேனாவும் இருக்கும். கேமரா கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் காலையில், இரண்டு நாள் மழை ஓய்ந்திருந்த வேளையில், ஏலாவின் குறுக்கே செல்லும் மின்கம்பியில் பனங்காடை ஒன்று அமர்ந்திருந்தது. பனங்காடை அவருக்குப் புதிதன்று. ஆயினும் அன்று அவர் கால்கள் நின்றன. ஊர்ப் பனங்காடைக்கு நெஞ்சு தவிட்டு நிறமாகவும் அதன்மேல் வெளிர்கீற்றுகள் ஓடியும் இருக்கும். இதற்கோ தலை முதல் அடிவயிறு வரை ஒரே வெளிர்நீலம். பறந்தபோது ஊர்ப் பறவையின் சிறகில் மாறிமாறித் தெரியும் இருவகை நீலப் பட்டைகள் தெரியவில்லை. நீலத்தின் பின்விளிம்பில் கருமை தெரிந்தது. இருபது நொடி இருக்கும். பிறகு அது தென்கிழக்கே, வாழைத் தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஐரோப்பியப் பனங்காடை என்று நூல்கள் கூறும் பறவை அது. ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடுகட்டி, ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வழியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கட்சு, ராஜஸ்தான் நிலங்களில் இறங்கிச் செல்வது வழக்கம். தென்கோடியில் காண்பது அரிது. பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி விலங்கியல் படிக்கிறாள். அவளே முதியவரின் நோட்டிலுள்ளவற்றை இ-பேர்டு தளத்தில் ஏற்றுபவள். செய்தி கேட்டு அவள் துள்ளினாள். பதிவிட்ட உடனே திரை எச்சரித்தது: இம்மாவட்டத்தில் இம்மாதத்தில் இது எதிர்பாராத இனம், விவரம் தருக, படம் இருந்தால் இணைக்க.

"பாட்டா, நீங்க பார்த்ததை அப்பிடியே எழுதிருவோம்."

"இருபது நொடி பார்த்தேன் மக்ளே. சூரியன் எனக்கு எதிரே இருந்துது. தொண்டையில கீறல் இருந்துதா இல்லையான்னு நான் நோக்கல்ல. பனங்காடை, இனம் உறுதி இல்ல. அப்பிடி எழுது."

அவள் முகம் வாடியது. அவர் தம் நோட்டில் கண்டதையும் எழுதினார், காணாததையும் எழுதினார். வெளிச்சம் எத்திசை, பறவை எவ்வளவு உயரம், எது மனத்தில் நிற்கிறது, எது நிற்கவில்லை என ஒரு பக்கம் முழுவதும் நிறைந்தது. அரிய பறவையைக் கண்டவர்களின் குறிப்புகளில் இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை.

இனி அப்பறவை சென்ற திசையைக் கருதவேண்டும். வாழைத் தோட்டத்திற்கு அப்பால் சிறிது தொலைவில் தமிழ்நாடு தொடங்குகிறது. அங்கே ஒருவர் அதைப் படமெடுத்திருந்தால் அது கன்னியாகுமரி மாவட்டத்தின் பட்டியலில் ஏறியிருக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் பட்டியலில் ஏறியிராது. பறவைக்கு இடைப்பட்ட தூரம் சில சிறகடிப்பு. இரு மாவட்டங்களுக்கும் இரு மாநிலங்களுக்கும் இரு வேறு பட்டியல்கள்; 'அரியது' என்னும் சொல் ஒவ்வொன்றிலும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது.

இந்தக் கோடு பழையதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்குசனும் போர்டிலனும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி எழுதியபோது அது இல்லை. 1933இல் சாலிம் அலி, திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் என்.ஜி. பிள்ளை உடன்வர, திருவிதாங்கூரைச் சுற்றி ஆய்வு செய்தபோதும் இல்லை. ஆரல்வாய்மொழியும் அவருக்குத் திருவிதாங்கூரின் ஓர் ஊரே. அந்த ஆய்விலிருந்து பிறந்த நூல் 1953இல் 'திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் வெளிவந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1969இல் அதே நூல் திருத்தப்பட்டு வந்தபோது தலைப்பு 'கேரளப் பறவைகள்' ஆகியிருந்தது. மலைத்தொடரின் தென்முனையும் குமரிக் கரையும் ஒரே நூலின் ஒரே நிலமாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. முதியவரின் வீட்டில் தமிழ், அவர் பணியாற்றிய அஞ்சலகத்தில் மலையாளம். ஆகவே பறவைப் பெயர்களையும் அவர் இரு மொழியிலும் கற்றார். ஒரு பக்கம் க. ரத்னத்தின் தமிழ் நூல், மறுபக்கம் இந்துசூடன் என்ற பெயரில் கே.கே. நீலகண்டன் எழுதிய மலையாள நூல். இரண்டும் இன்றும் ஒரே அலமாரித் தட்டில் கிடக்கின்றன.

கோடு நிலத்தில் மட்டும் இல்லை, நாள்காட்டியிலும் உண்டு. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பறவை வரைபடம் உருவாக்கினர். 361 இனங்கள் பதிவாயின. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் இவ்வாறு செய்யப்பட்டது அதுவே முதல்முறை. பெருமைக்குரிய உழைப்பு, ஐயமில்லை. ஆனால் கணக்கெடுப்பு நடந்தது ஆண்டில் இருமுறை: ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைப்பருவத்தில் அறுபது நாள், ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்பருவத்தில் அறுபது நாள். வலசைப் பறவைகள் இம்முனை நோக்கி இறங்கிவரும் அக்டோபரும் நவம்பரும் இரண்டிற்கும் இடையில் விழுந்துவிட்டன. தங்கி வாழ்பவையும் குளிர்காலம் முழுவதும் தங்குபவையும் அவ்வலையில் அகப்படும். ஓரிரவு இறங்கி மறுநாள் செல்பவை நழுவிவிடும். அது வரைபடத்தின் பிழையன்று, அதன் நோக்கமே வேறு. ஆயினும் அதைப் புரட்டிப் பார்த்து ஒரு பறவை இங்கு வருவதில்லை என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு விரைவாகக் கடந்து செல்கின்றன என்பதற்கு அமூர் வல்லூறுகள் சான்று. 2013 நவம்பரில் நாகாலாந்தில் மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டு விடுத்தனர். அதற்கு முந்திய ஆண்டுவரை அவ்வினப் பறவைகள் அங்கே வலைகளில் பெருந்தொகையாய்ப் பிடிபட்டு மடிந்துகொண்டிருந்தன. கருவி சுமந்தவை தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலையும் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்தன. இத்தகைய பயணி ஓர் ஊரின் வானில் இருப்பது சில நிமிடம். ஞாயிறுதோறும் தொலைநோக்கி எடுத்துச் செல்பவருக்கு அது புதன்கிழமை கடந்து போயிருக்கும். நாள்தோறும் நடப்பவருக்கு மட்டுமே வாய்ப்பு. அத்தகையவர் எத்தனை ஊரில் இருக்கிறார்?

இதற்கு நேர்மாறான ஒன்றும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் நிகழும். இரவு மழை பெய்த மறுநாள் விடியலில் யாரேனும் ஒரு வீட்டின் சமையலறையிலோ திண்ணையிலோ பச்சை முதுகும் மஞ்சள் மார்பும் வாலடியில் குங்குமச் சிவப்பும் கொண்ட குட்டைவால் பறவை ஒன்று சோர்ந்து கிடக்கும். அரிய பறவை மீட்பு என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றும். ஒருமுறை அந்த மாணவியின் தாயாரே கோழிக்குஞ்சு மூடும் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு முதியவரை அழைக்க ஆளனுப்பினார். ஆறுமணிக் குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இனப்பெருக்கம் செய்து, இரவில் பறந்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்க வருவது. கண்ணாடியிலும் சுவரிலும் மோதி விழுவது, வரும் வழியின் களைப்பாலும் வீட்டு விளக்குகளின் மயக்கத்தாலும்.

"இது அபூர்வமா பாட்டா?"

"வருசாவருசம் வாறதுதான். நாமதான் பார்க்கல்ல."

அட்டைப்பெட்டியில் துளையிட்டு, இருட்டில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரோ சோறோ வாயில் திணிக்காமல், மாலையில் பலாமரத்தடியில் திறந்துவிட்டார்கள். சற்று நேரம் சருகில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் புதருக்குள் தத்திச் சென்றது. இரண்டு நாள் கழித்து அந்தி வேளையில் அதன் இருசீழ்க்கைக் குரல் கேட்டதாக அந்த அம்மாள் கூறினார். அதே பறவைதானா என்று யார் அறிவார்.

அரிதாய்ப் பறவை தென்படுவது எப்போதும் மகிழ்ச்சிக்குரியதன்று என்பதை இப்பகுதி 2017இல் அறிந்தது. நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் குமரிக் கடலில் வலுப்பெற்றபோது பூவாறு, பொழியூர்க் கரையிலிருந்தும் அதை ஒட்டிய நீரோடி, வள்ளவிளை, தூத்தூர்க் கரையிலிருந்தும் ஆழ்கடல் சென்றிருந்தவர்கள் கடலில் இருந்தார்கள். பின்வந்த நாள்களில் கேரளக் கரையோரத்தில், கரைக்கு வருதல் அரிதான பெருங்கடற் பறவைகள் தள்ளாடி வந்திறங்கின. நீண்ட சிறகும் பிளந்த வாலும் கொண்ட பிரிகேட் பறவைகளும் கருமுதுகு ஆலாக்களும் காணப்பட்டன. பறவை நோக்குவோருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் காட்சி அது. முதியவர் அவ்வாரம் பொழியூர் சென்றிருந்தார். மணியார்டரும் கடிதமும் கொடுத்துப் பழகிய குடும்பம் ஒன்று அங்கே இருந்தது. ஆலயத்தின் முன் திரும்பாதவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நெய்யாறு கடல் சேரும் பொழிமுகத்தின் மேலே பெரிய கரிய பறவை ஒன்று சிறகசையாமல் நின்றது. அவர் கை தொலைநோக்கிக்குப் போகவில்லை. அவ்வாரத்திற்குரிய பக்கம் நோட்டில் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. அறிவியலுக்கு அது இழப்பு என்று மாணவி பின்னொருநாள் வாதிட்டாள். இழப்புதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அவரைக் கவலைப்படுத்துவது அரியவை அல்ல. 1970களின் நடுவில் கேரளத்தின் நெல்நிலம் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேர். இன்று இரண்டு லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கும் சட்டம் 2008இல் வந்தது. சட்டம் வருமுன் போனவை மீளவில்லை, வந்த பின்னும் போகின்றன. எல்லைக்கு அப்பால் வேறொரு கதை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயின் நீரை நம்பி விளவங்கோட்டில் ஏறக்குறைய 9,200 ஏக்கர் இருந்தது. 2004இல் நீர் நின்றது, வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நீரில்லாத ஏலா வாழையாகவும் மரச்சீனியாகவும் ரப்பராகவும் மாறுவதில் வியப்பென்ன. இப்பக்கம் மண் நிரப்பியும் அப்பக்கம் நீர் வராமலும், முடிவில் சேறு குறைகிறது. சேற்றை நம்பி வருபவை மஞ்சள் வாலாட்டிகள், உள்ளான்கள், உப்புக்கொத்திகள். எதுவும் அரிய பறவை அன்று. அவை குறையும்போது எந்தத் திரையும் எச்சரிப்பதில்லை. எதிர்பாராத பறவை வந்தால் விவரம் கேட்கும் கருவி, எதிர்பார்த்த பறவை வராதபோது ஒன்றும் கேட்பதில்லை. வெறுமையான கட்டத்திற்கு விளக்கம் எழுத இடமும் இல்லை.

சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் வேம்பனூர் நீர்நிலையும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன என்ற செய்தியை மாணவி படித்துக் காட்டியபோது அவர் மகிழ்ந்தார். பின்பு, அங்கே போய்ச் சேருமுன் பறவை இரவில் எங்கே இறங்கும் என்று கேட்டார்.

சென்ற அக்டோபரின் கடைசி வாரத்தில் ஏலாவின் வடமூலையில் செம்மண் ஏற்றிய டெம்போ இரண்டு முறை வந்து போயிருந்தது. மறுநாள் காலை இருவரும் வரப்பில் நின்றார்கள். மின்கம்பியில் ஒன்றுமில்லை. உழுது நீர் கட்டிய ஒரே வயலில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடித் திரிந்தன. அவர் இருமுறை எண்ணினார். இரண்டாம் முறையும் அதே எண் வந்தது.

"பதினொண்ணு. எழுது."

"வாலாட்டிதானே பாட்டா, எல்லா வருசமும் உள்ளதுதானே?"

"அதான் மக்ளே. எழுது."

அவள் கைபேசியில் 11 என்று தட்டினாள். திரை எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.