ஏட்டிற்கு அஞ்சாத விசுவாசம்

உலகின் பெரும் சமயங்கள் பலவற்றின் தொடக்கம் காலத்தின் மங்கலான ஒளியிலேயே நமக்குத் தெரிகின்றது. நிறுவியவரின் கையெழுத்து நம்மிடம் இல்லை. அவர் வாழ்ந்த ஊரின் வழக்குக் கணக்குகள் இல்லை. அவரைப் பகைத்தவர்கள் எழுதியவையும் அரிதாகவே எஞ்சியுள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் பிறந்த மார்மன் சபைக்கோ இவை அனைத்தும் உண்டு. அச்சகமும் நீதிமன்றமும் அஞ்சலும் செய்தித்தாளும் பெருகியிருந்த நாட்டில், ஊரார் பார்த்திருக்கத் தோன்றிய சமயம் அது. விசுவாசமும் வரலாற்று ஏடும் நேருக்கு நேர் சந்தித்தால் என்ன நிகழும் என்று அறிய விரும்புவோர்க்கு அச்சபையின் வரலாறு ஒரு பாடசாலையாகும்.

அந்த வரலாற்றை நான் ஊன்றிப் படிக்க நேர்ந்தது ஓர் இளைஞரின் கேள்வியால். எம் பங்கின் விவிலிய வகுப்பிற்கு வரும் கல்லூரி மாணவர் அவர். "ஃபாதர், மார்மன் சபையை நிறுவியவர் தாம் கண்ட காட்சியை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாராம். அவர் பொய்யர் என்பதற்கு அது ஒன்றே போதாதா?" என்று கேட்டார். அச்சபையின் கொள்கைகளை நாம் ஏற்பதில்லை. அவர்கள் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று உரோமை 2001-ஆம் ஆண்டில் தெளிவாக அறிவித்தது. எனினும், அம்மாணவர் கையிலெடுத்த அளவுகோல் என்னைச் சிந்திக்க வைத்தது. அயலார் வீட்டை அளக்க எடுத்த கோலால் நம் வீட்டையும் அளக்க வேண்டி வருமன்றோ!

ஜோசப் ஸ்மித் 1805-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா ஊரை அடுத்து வளர்ந்தார். வானதூதர் ஒருவர் காட்டிய பொற்றகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக அவர் கூறிய மார்மன் புத்தகம் 1830 மார்ச்சில் 5,000 படிகள் அச்சாகியது. அச்சுச் செலவான 3,000 டாலருக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்னும் உழவர் தம் நிலத்தை அடகு வைத்தார். ஏப்ரல் 6-ஆம் நாள் சபை நிறுவப்பட்டது. தங்களிடையே பதிவேடு ஒன்று பேணப்பட வேண்டும் என்னும் கட்டளையும் அன்றே இறைவனிடமிருந்து வந்ததாக அவர்கள் நம்பினர்.

ஆகவே ஏடு எழுதுவது அவர்களுக்கு வெறும் அலுவலகப் பணியன்று, சமயக் கடமை. இறந்த முன்னோர்க்காகத் தங்கள் முறைப்படி திருமுழுக்குப் பெறும் வழக்கமும் அவர்களிடம் உள்ளதால், உலகெங்கும் குடிவழிப் பதிவுகளைத் திரட்டி வருகின்றனர். அதன் காரணமாகவே, நம் பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்க அவர்களுடைய குடிவழி ஆய்வுக் கழகத்திற்கு இசைவு தர வேண்டாம் என்று 2008-ஆம் ஆண்டில் உரோமை ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. ஏட்டை இவ்வளவு மதித்த சபையிலும் ஏட்டைப் பற்றிய பிணக்கு விரைவிலேயே எழுந்தது. 1831-இல் வரலாறு எழுதும் பொறுப்பை ஏற்ற ஜான் விட்மர் 1838-இல் சபையிலிருந்து விலக்கப்பட்டபோது, தாம் எழுதியதைக் கொடுக்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

இனி, அம்மாணவர் கேட்ட காட்சிக்கு வருவோம். 1820 அளவில், சிறுவனாகத் தோப்பில் வேண்டியபோது தமக்கு விண்ணகக் காட்சி கிடைத்ததாக ஸ்மித் கூறினார். அவர் எழுதியும் எழுதுவித்தும் விட்டுச்சென்ற விவரிப்புகளுள் 1832, 1835, 1838-39, 1842 ஆகிய ஆண்டுகளுக்குரிய நான்கும் முதன்மையானவை. அவற்றுள் பழையதான 1832-ஆம் ஆண்டு விவரிப்பில் ஒரு பகுதி அவருடைய சொந்தக் கையெழுத்திலேயே உள்ளது. பாவ மன்னிப்பிற்காக ஏங்கும் சிறுவனையும் அவனுக்குத் தோன்றிய ஆண்டவரையும் அது காட்டுகின்றது. பின்னர் அச்சபையின் மறைநூல்களுள் இடம்பெற்ற 1838-39 விவரிப்பிலோ, எந்தச் சபை மெய்யானது என்ற கேள்வி முன்னே நிற்கின்றது. தந்தையும் மகனுமாக இருவர் தோன்றுகின்றனர்.

இதனினும் கவலைக்குரியது அந்தப் பழைய விவரிப்பிற்கு நேர்ந்த கதி. அது எழுதப்பட்ட தாள்கள் ஏட்டிலிருந்து எப்போதோ வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. பல்லாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமலிருந்து, 1965-ஆம் ஆண்டில் மாணவர் ஒருவரின் பட்ட ஆய்வேட்டின் வழியே அவ்விவரிப்பு வெளிவந்தது. பிற்பாடு அத்தாள்கள் மீண்டும் ஏட்டுடன் இணைக்கப்பட்டன.

திருமுழுக்குப் பதிவேட்டைக் கையாளும் பங்குத்தந்தை எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. குடும்பத்தார் சொல்லும் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும். ஏடு சொல்லும் நாள் வேறாக இருக்கும். அன்றைக்கே எழுதியது பெரும்பாலும் நம்பத் தக்கது. நினைவோ ஆண்டுகள் செல்லச் செல்லப் புது உருக்கொள்வது. ஆனால் மூதாட்டி ஒருவர் தம் மகன் பிறந்த நாளை மாற்றிச் சொல்வதால், மகனே பிறக்கவில்லை என்று எவரும் முடிவு கட்டுவதில்லை.

குருமடத்தில் விவிலிய ஆய்வு பயின்ற எவரும் இங்கே புனித பவுலை நினைக்காதிருக்க முடியாது. அவருடைய மனமாற்றம் திருத்தூதர் பணிகள் நூலில் மும்முறை கூறப்படுகின்றது. உடன் சென்றவர்கள் குரலைக் கேட்டனர் என்று 9-ஆம் அதிகாரம் சொல்ல, அவர்கள் ஒளியைக் கண்டும் குரலைக் கேட்கவில்லை என்று 22-ஆம் அதிகாரம் சொல்கின்றது. இவ்வேறுபாட்டால் நாம் பவுலைப் பொய்யர் என்பதில்லை. எனவே அம்மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: விவரிப்புகள் வேறுபடுவது மட்டுமே பொய்க்குச் சான்றாகாது, அவை ஒத்திருப்பது மட்டுமே மெய்க்கும் சான்றாகாது. ஒருவர் எப்போது என்ன சொன்னார் என்பதை ஏடு காட்டும். வானம் திறந்ததா என்பதை ஏடு காட்டாது. ஸ்மித்தின் போதனையை நாம் மறுப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவை திருவெளிப்பாட்டைப் பற்றியவை, அவருடைய நினைவாற்றலைப் பற்றியவையல்ல.

சில நேரங்களில் ஒரு சிறு துண்டுத்தாள் இரு தரப்பாரின் வாயையும் அடக்குகின்றது. இளமையில் ஸ்மித் கல் ஒன்றில் பார்த்துப் புதையலிருக்கும் இடம் சொல்பவராக இருந்தார் என்றும், அதன் பொருட்டு 1826-இல் விசாரிக்கப்பட்டார் என்றும் எதிரிகள் சொல்லி வந்தனர். அப்படி ஒரு விசாரணை நடக்கவே இல்லை என்று அவர் பக்கத்தார் பலர் வாதாடினர். 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் செனாங்கோ வட்டாரத்துப் பழைய தாள்களிடையே நீதிபதி ஆல்பர்ட் நீலியின் கட்டணப் பட்டியல் கிடைத்தது. 1826 மார்ச் 20 என்ற நாளும், கல் பார்ப்பவர் என்ற அடைமொழியோடு ஸ்மித்தின் பெயரும், 2 டாலர் 68 சென்ட் கட்டணமும் அதில் இருந்தன. விசாரணை நடந்தது உறுதியாயிற்று. ஆனால் தீர்ப்பு என்ன என்பது அப்பட்டியலில் இல்லை; ஆகவே குற்றவாளி என்று கூவ விரும்பியோர்க்கும் அது முழுமையாகத் துணை செய்யவில்லை. ஸ்மித் பயன்படுத்தியதாகக் கருதப்படும் கல்லொன்றின் ஒளிப்படத்தை 2015-இல் அச்சபையே வெளியிட்டது.

எனினும் ஏடு என்றாலே உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் மார்க் ஹாஃப்மன் என்பவர், தொடக்கக் கால மார்மன் ஆவணங்கள் என்று பலவற்றைச் சபைக்கும் சேகரிப்போர்க்கும் விற்றார். அவற்றுள் பெயர்பெற்றது மார்ட்டின் ஹாரிஸ் 1830-இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம். வானதூதர் இருந்த இடத்தில் வெண்ணிறச் சாலமண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியை அது வைத்தது. அறிஞர் பலர் அதை நம்பினர். கடனும் மோசடியும் வெளிப்படும் வேளை நெருங்கியபோது, 1985 அக்டோபர் 15-இல் சால்ட் லேக் சிட்டியில் ஹாஃப்மன் வைத்த வெடிகுண்டுகள் இருவரைக் கொன்றன. உருப்பெருக்கியின் கீழ் மையில் தெரிந்த வெடிப்புகள் அவருடைய போலிகளைக் காட்டிக்கொடுத்தன. 1987-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

இந்நிகழ்ச்சியில் என் நெஞ்சைத் தொட்டவர் ஜெரால்டு டானர். மார்மன் சபையை விட்டு வெளியேறி, அதைக் கடுமையாக எதிர்த்து எழுதி வந்தவர் அவர். அக்கடிதம் அவருடைய வாதத்திற்கு வலிய படைக்கலமாக அமைந்திருக்கும். ஆயினும், கொலைகளுக்கு முந்திய ஆண்டிலேயே அதன் உண்மைத்தன்மையைப் பற்றி அவர் வெளிப்படையாக ஐயம் எழுப்பினார். தமக்குச் சாதகமான சான்றையும் உரைத்துப் பார்ப்பவரே உண்மையின் நண்பர். சமய வாதங்களில் இந்நேர்மை அரிதாகவே காணப்படுகின்றது.

ஏடுகளைப் பற்றிய பேச்சு அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், மவுன்டன் மெடோஸ் என்னும் யூட்டா மாநிலத்துப் புல்வெளியை நினைக்க வேண்டும். 1857 செப்டம்பர் 11-ஆம் நாள், ஆர்கன்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற குடியேறிகள் ஏறத்தாழ 120 பேர் அங்கே கொல்லப்பட்டனர். பாதுகாப்பாக அழைத்துச் செல்வதாக வாக்களித்து, அவர்களுடைய படைக்கலங்களை வாங்கிக்கொண்ட பின் கொன்றவர்கள், பையூட் பழங்குடியினர் சிலரைத் துணைகொண்ட மார்மன் ஊர்ப்படையினர். 17 சிறு குழந்தைகள் மட்டுமே உயிரோடு விடப்பட்டனர். சபைத் தலைவர் பிரிகாம் யங்கிற்கு இதில் எவ்வளவு பங்கு என்பது இன்றும் வாதிடப்படுகின்றது. குடியேறிகளைத் தொடாமல் போகவிடுமாறு செப்டம்பர் 10-இல் அவர் எழுதிய கடிதத்தின் படி அவருடைய கடித ஏட்டில் உள்ளது. தூதர் குதிரையில் விரைந்தும் அக்கடிதம் 13-ஆம் நாள்தான் வந்து சேர்ந்தது. ஆனால், வெளியாரின் மீது அந்நாள்களில் கனன்ற கடும் பேச்சுக்குத் தலைமையும் பொறுப்பன்றோ என்ற கேள்வியை அக்கடிதம் தீர்க்கவில்லை. தண்டிக்கப்பட்டவர் ஜான் லீ ஒருவரே. 1877-இல் அதே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நெடுங்காலம் அம்மண்ணில் பழியைப் பழங்குடியினர் மீது சுமத்துவதும் மௌனம் காப்பதுமே வழக்கமாயிருந்தன. அதை உடைத்தவர் ஜுவனிட்டா புரூக்ஸ் என்னும் மார்மன் பெண்மணி. அவருடைய ஆய்வு நூல் 1950-இல் வெளிவந்தது. சொந்த மக்களின் மனத்தாங்கலைத் தாங்கிக்கொண்டும் அவர் தம் சபையிலேயே நிலைத்திருந்தார். 150-ஆம் ஆண்டு நினைவு நாளில், 2007-இல், சபையின் தலைவர்களுள் ஒருவர் அப்படுகொலைக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

ஏட்டைத் திறப்பதா, மூடுவதா என்ற போராட்டம் அச்சபைக்குள் நெடுநாள் நடந்தது. 1972-இல் லெனர்டு ஆரிங்டன் சபையின் வரலாற்றாசிரியரானபோது காப்பகக் கதவுகள் அகலத் திறந்தன; பத்தாண்டுகளில் அவர் அப்பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1993-இல் அறிஞர்களும் எழுத்தாளர்களுமான அறுவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாயினர். பின்னர் காற்று திசை மாறியது. ஸ்மித்தின் ஆவணங்கள் 2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாக அச்சாயின. அவர் 30 முதல் 40 பெண்கள் வரை மணந்திருக்கலாம் என்று 2014-இல் சபையே எழுதியது. அதற்குள் பலருடைய விசுவாசம் காயப்பட்டுவிட்டது. செய்தியைவிட, அது தங்களிடம் சொல்லப்படவில்லை என்பதே அவர்களுள் பலரை வருத்தியது.

இவற்றை நாம் உயர்ந்த இடத்தில் நின்று பார்க்க இயலாது. கான்ஸ்டன்டைன் பேரரசர் திருத்தந்தைக்கு ஆட்சியை வழங்கியதாகச் சொன்ன பத்திரம் பல நூற்றாண்டுகள் நம்மிடையே மதிக்கப்பட்டது. அது போலி என்று 1440-இல் காட்டிய லொரன்சோ வல்லா பின்னர் திருத்தந்தையின் செயலகத்திலேயே பணியாற்றினார். 1881-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வத்திக்கான் காப்பகத்தை ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டார். அதனால் திருச்சபை சரிந்துவிடவில்லை.

விசுவாசத்தைக் காப்பதாக எண்ணி ஏட்டின் தாளை வெட்டுகிறவர், தம் விசுவாசம் உண்மையைத் தாங்காது என்று சொல்லாமல் சொல்கிறார். உண்மையே உருவான இறைவன் நம் மௌனத்தால் காக்கப்பட வேண்டியவர் அல்லர். கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும், நம் முன்னோர் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும் அச்சமின்றி எழுதி வைப்போம். அவ்வாறு எழுதுவதும் இறைவனுக்கு நாம் செலுத்தும் வழிபாடே.